அண்ணனுக்கு எடுத்த மொரீஷியஸ் பாடம்

இருபத்துமூன்று வருஷமாகக் கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிறவளையும் எழுப்பி, வரைபடத்தில் இந்தியப் பெருங்கடலைத் தொட்டுக் காட்ட வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட என்னை மண்ணைக் கவ்வ வைத்த மாணவர் ஒரே ஒருத்தர்தான். அவர் என் அண்ணன் ராஜமாணிக்கம். சிதம்பரத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார்.

விஷயம் இதுதான். என் மகள் அறிவுமதி ஒரு பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பையன் பெயர் தேவேன் சுப்புராயன். மொரீஷியஸ்காரன். சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் இவள் விவசாயம் படித்தபோது அவன் அங்கே தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் நாட்டில் தமிழ் வாத்தியார். இவளுக்குப் பண்ருட்டியில் முந்திரி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. எனக்குப் பையனைப் பிடித்துவிட்டது. வீடியோ காலில் வந்து, "தாங்கள் உணவருந்திவிட்டீர்களா, அத்தை?" என்று கேட்கிறவனை எப்படிப் பிடிக்காமல் போகும்?

ஆனால் எனக்குப் பிடித்து என்ன பிரயோசனம்? எங்கள் பக்கத்தில் நிச்சயத் தட்டைத் தாய்மாமன்தான் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதிலும் அண்ணன் சும்மா பெயருக்குத் தாய்மாமன் கிடையாது. அறிவுமதிக்கு ஆறு வயதில் அவள் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம், காய்ச்சல், சைக்கிள், சடங்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது அண்ணன்தான். வருஷா வருஷம் பொங்கலுக்குப் புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு என்று சீரோடு பஸ் ஏறிக் கடலூருக்கு வந்துவிடுவார். தானே புயல் அடித்த வருஷம் கரும்பெல்லாம் சாய்ந்து கிடந்தது. அப்போதும் எங்கிருந்தோ இரண்டு கழியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மாமா தட்டு எடுக்கலன்னா நான் மணையில உக்கார மாட்டேம்மா" என்று அறிவுமதி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "அவரை மீறிக் கட்டிக்கவும் மாட்டேன். தேவேன்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் வேணாம்னா வேணாம்."

சொல்லும்போது அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அழுகிறவளைச் சமாதானம் பண்ணலாம், முடிவு பண்ணிவிட்டவளை என்ன பண்ணுவது?

அண்ணனுக்குப் போன் போட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அது எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. தெரியாத எடத்துக்கு எப்படிப் புள்ளய அனுப்பறது? நீதான் டீச்சராச்சே. வந்து சொல்லு. மனுஷங்க எப்படி, பழக்கவழக்கம் என்னா, என்னா பண்ணிப் பொழைக்கிறாங்க, எல்லாத்தையும் சொல்லு. அப்பறம் பாக்கலாம்."

இது போதுமே எனக்கு. பாடம் எடுக்கச் சொன்னால் விடுவேனா? இரண்டு ராத்திரி உட்கார்ந்து சார்ட் எழுதினேன். மக்கள், பண்பாடு, வரலாறு, பொருளாதாரம் என்று நான்கு தலைப்புகள், நான்கு நிறப் பேனாக்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுப் பெண் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அண்ணன் வீட்டுக் கூடத்தில், காலண்டர் ஆணியில் சார்ட்டை மாட்டினேன். அண்ணன் நாற்காலியில். அண்ணி தில்லையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் நான், கையில் ஸ்கேலோடு.

"மொரீஷியஸ் ஒரு தீவு. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கால இருக்குது. நம்ம கடலூர் மாவட்டத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஜனமும் அப்படித்தான், நம்ம மாவட்டத்துல பாதி."

"அவ்ளோதானா ஒரு நாடு?" என்றார் அண்ணன். "ஒரு மாவட்டம்கூட தேறலயே."

"அவ்ளோதான். ஆனா கொடி இருக்கு, பிரதமர் இருக்கார். 1968ல சுதந்திரம் வாங்கினாங்க. இந்தியாலேர்ந்து போனவங்க, ஆப்பிரிக்காக்காரங்க, சீனாக்காரங்க, பிரெஞ்சுக்காரங்க, எல்லாரும் கலந்து இருக்காங்க. தமிழ்க்காரங்க நூத்துக்கு ஆறு பேர் இருப்பாங்க. வீட்டுல பேசறது கிரியோல்னு ஒரு பாஷை. ஆனா ரூபா நோட்டுல தமிழ் இருக்கு. தைப்பூசத்துக்கு நாடு முழுக்க லீவு. காவடி எடுப்பாங்க, தீ மிதிப்பாங்க, வாழை எலையில ஏழு வகை காய் வச்சு சாப்பிடுவாங்க."

"ஏழா?" என்று அண்ணி வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கினார். "இங்க மூணு வச்சாலே ஒங்கண்ணன் ஒண்ண ஒதுக்கி வைப்பார்."

பாடம் சூடு பிடித்துவிட்டது. பொருளாதாரத்துக்குத் தாவினேன். முன்னே கரும்பு மட்டும்தான், பிறகு துணி ஆலை, இப்போது சுற்றுலா, வங்கி, கம்ப்யூட்டர் என்று வரிசையாகச் சொன்னேன். அண்ணனுக்குக் கரும்பு என்றதும் முதுகு நிமிர்ந்தது.

"கரும்பு ஜாஸ்தியா இருக்குமா?"

"திரும்பின பக்கமெல்லாம் கரும்புதான்."

"புயல் அடிக்குமா?"

"அடிக்கும். வருஷா வருஷம் எச்சரிக்கை உண்டு. பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவாங்க."

"அப்ப நம்ம ஊருதான்" என்றார். எனக்கு உள்ளுக்குள்ளே குளிர்ந்தது. முக்கால் கிணறு தாண்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

வரலாறு பாக்கியிருந்தது. அதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன் என்பதுதான் உண்மை. தேவேன் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. அவன் குடும்பத்தின் முதல் ஆள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். அதை அவன் பெருமையாகத்தான் சொன்னான். எட்டாம் வகுப்புக்கு நானும் வருஷா வருஷம் அதைப் பாடமாக எடுக்கிறேன். வெள்ளைக்காரன் எப்படி ஆள் பிடித்தான், கப்பலில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கண் கலங்கக் கலங்கச் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் அண்ணி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவ்ளோ தூரம் எப்படிப் போனாங்க? கூலிக்கா போனாங்க?" என்று கேட்டபோது என் நாக்கு புரண்டுவிட்டது.

அண்ணியின் சொந்தத்தில் முன்பு ஒரு சம்பந்தம் முறிந்திருந்தது. பையனின் தாத்தா பர்மாவில் கூலி வேலை பார்த்தவர் என்று யாரோ சொன்னதுதான் காரணம். அந்தப் பேச்சுகளெல்லாம் ஒரு நொடியில் என் காதில் வந்து போயின.

"சேச்சே" என்றேன். "புதுச்சேரி பக்கத்துலேர்ந்து வியாபாரத்துக்குப் போனவங்க. அந்தக் காலத்துலயே பெரிய கை."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சார்ட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"எல்லாம் சரி. அங்க தாய்மாமன் உண்டா?"

"மாமான்னு கூப்பிடுவாங்க அண்ணே."

"கூப்பிடறத யார் கேட்டா? ஒரு பொண்ணுக்கு நல்லது கெட்டது ஒண்ணுன்னா மொதல்ல வந்து நிக்கறது யாரு? அத சொல்லு. இங்கேர்ந்து நான் பஸ் ஏறிப் போவ முடியாது பாரு."

நான்கு தலைப்பிலும் தேடினேன். கடற்கரையின் நீளம்கூட எழுதி வைத்திருந்தேன், இது இல்லை. தெரியாது என்று சொன்னேன். அன்றைக்கு நான் சொன்ன கடைசி உண்மை அது.

"அவுங்கள வரச் சொல்லு. நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

மே மாதம் தேவேனும் அவன் அம்மா அமிர்தமும் வந்தார்கள். அந்த அம்மாளுக்குத் தமிழ் பத்து வார்த்தைதான் வரும், ஆனால் முருகன் பாட்டு நான்கு முழுசாகத் தெரியும். தேவேனிடம் நான் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். தம்பி, உன் முன்னோரைப் பற்றி ஒரு பொய் சொல்லிவிட்டேன், நீயும் அதையே சொல்லு என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? நாளை நாளை என்று தள்ளினேன். யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அறிவுமதிக்கும் தெரியாது.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், பூ, புடவை எல்லாம் தட்டில் எடுத்து வைத்திருந்தோம். அண்ணியின் சொந்தத்தில் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். தட்டை எடுப்பதா வேண்டாமா என்று அண்ணன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. தேவேன் உள்ளே வந்ததும் அவர் காலில் விழுந்து எழுந்தான்.

"தங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி, மாமா."

அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "என்னாம்மா இவன், ரேடியோவுல செய்தி வாசிக்கறவன் மாதிரி பேசறான்" என்றார். ஆனால் அவர் மீசை கொஞ்சம் அசைந்தது. அறிவுமதி அதைப் பார்த்துவிட்டு எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

அப்போதுதான் அமிர்தம் அம்மாள் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு படத்தை எடுத்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பழைய காகிதத்தின் நகல், ஓரத்தில் சின்னதாக ஒரு புகைப்படம். சட்டையில்லாத ஒரு இளைஞன் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தான். அதைத் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கூப்பினார்.

"எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்கு முதலில் இவரை வைப்போம்" என்றான் தேவேன். "இவர்தான் எங்கள் முதல் மனிதர், சுப்புராயன். 1866இல் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தார். எங்கள் நாட்டு ஆவணக் காப்பகத்திலிருந்து இந்தப் பதிவைப் பெற்றோம். இதில் சிதம்பரம் தாலுகா என்று எழுதியிருக்கிறது, மாமா. அதனால்தான் நான் படிக்க இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன்."

அண்ணியின் சொந்தக்காரர் ஒருவர், "வியாபாரம்னாங்களே" என்று மெல்லக் கேட்டார். தேவேன் புரியாமல் அறிவுமதியைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். அண்ணனும் என்னைத்தான் பார்த்தார். பிறகு எழுந்து பின்பக்கம் பட்டறைக்குப் போய்விட்டார்.

"ஏம்மா இப்படிப் பண்ண?" என்றாள் அறிவுமதி. "நான் உன்னைக் கேட்டனா, மாத்திச் சொல்லச் சொல்லி? இப்ப மாமா எழுந்து போயிட்டாரே." அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

பட்டறையில் அண்ணன் ஒரு மோட்டாரின் முன்னால் குந்தியிருந்தார். செப்புக் கம்பியைப் பிரிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. நான் போய் நின்றேன். திரும்பாமலே பேசினார்.

"கூலிக்குப் போனா என்னா இப்ப? நம்ம அப்பா யார் வயல்ல நட்டாரு? நம்ம பெரியப்பா நெய்வேலிக்கு மண்ணு சுமக்கத்தானே போனாரு? நான் என்னா கலெக்டரா, அடுத்தவன் மோட்டாரக் கழட்டி மாட்டறவன்."

"அண்ணி சொந்தத்துல பேசுவாங்கன்னுதான்..."

"அவுங்க பேசட்டும். நீ எங்கிட்ட ஏன் பொய் சொன்ன? புள்ளய எங்க அனுப்பறேன்னு தெரிஞ்சிக்கத்தானே ஒன்னக் கூப்புட்டேன். ஒரு நாட்டையே சொல்லிட்டு அதுல ஒரு மனுஷன மறைச்சிட்டியே."

வெட்கமாக இருந்தது. அந்தக் காகிதத்தில் முறைத்துக்கொண்டிருந்தவன் இவ்வளவு தூரம் திரும்பி வந்திருக்கிறான், அவன் சொந்தத் தாலுகாவிலேயே அவனை ஒளித்துவைக்கப் பார்த்திருக்கிறேன்.

"தப்புதான் அண்ணே" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "மத்ததும் பொய்தானா? புயலு?"

"நிஜம்."

"கரும்பு?"

"அதுவும் நிஜம் அண்ணே."

"அப்ப வா. வரலாறு மட்டும் திருப்பி எடு. எல்லாருக்கும் முன்னால எடு."

கூடத்துக்கு வந்தோம். அண்ணன் பாயில் உட்கார்ந்தார், தட்டைத் தொடவில்லை. நான் சட்டத்தைக் கையில் எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த ஆங்கிலப் பதிவை வரி வரியாகத் தமிழில் வாசித்தேன். முதலில் நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். அப்படி ஒரு வகுப்பு என் வாழ்க்கையில் எடுத்ததில்லை.

"பெயர் சுப்புராயன். வயசு இருபத்தாறு. இடது புருவத்துல தழும்பு. தென்னார்க்காடு ஜில்லா, சிதம்பரம் தாலுகா. சென்னைப் பட்டணத்துல கப்பல் ஏறினவர். ஒப்பந்தம் அஞ்சு வருஷம்." அடுத்த வரியில் எழுத்து மங்கலாக இருந்தது. சட்டத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். "கூட வந்தவர், பெண் குழந்தை. பெயர் பொன்னி. வயசு ஏழு. தமக்கை மகள்."

அண்ணன் நிமிர்ந்தார். "இன்னொரு தடவ படி."

"கூட வந்தவர், பெண் குழந்தை. பொன்னி. வயசு ஏழு. தமக்கை மகள்."

"அந்தப் புள்ளைக்கு அப்பா அம்மா?"

தேவேன்தான் பதில் சொன்னான். "பஞ்சத்தில் இறந்துவிட்டார்கள் என்று சொல்வார்கள், மாமா. விட்டுவிட்டு வர அவருக்கு மனம் இல்லை. தோட்டத்தில் வேலை செய்து அவளை வளர்த்தார், அவளுக்குத் திருமணம் செய்து வைத்த பிறகுதான் தாமும் மணம் செய்துகொண்டார். பொன்னியின் பிள்ளைகள் வழி இப்போது பெரிய குடும்பம். அவர்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் என்றால் முதல் தட்டு எங்கள் வீட்டிலிருந்து போகும். போன வருடம் நான்தான் எடுத்துச் சென்றேன்."

அமிர்தம் அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, தனக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, புகைப்படத்தைத் தொட்டுக் காட்டினார்.

"மாமன்" என்றார்.

அண்ணன் அந்தச் சட்டத்தை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பாடம் எடுத்த அன்றைக்கு அவர் கேட்டு எனக்கு விடை தெரியாமல் போன தாய்மாமன் கேள்வி ஞாபகம் வந்தது. நான் எந்த வரியைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தேனோ, அதற்கு அடுத்த வரியில்தான் விடை இருந்திருக்கிறது. அண்ணன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். அப்பா செத்தபோதுகூட அவர் எல்லார் முன்னாலும் அழுததில்லை.

"அறிவு, இங்க வா" என்றார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இவன் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டு, போற எடம் தெரியாம, ஏழு வயசுப் புள்ளயக் கையில புடிச்சிக்கினு கப்பல் ஏறியிருக்கான். நான் என்னடான்னா பஸ்சு போவாதேன்னு ரெண்டு மாசமா ஒக்காந்துருக்கேன்."

"மாமா..."

"இவன் கப்பல்லயே கூடப் போனான். நான் பிளேன்ல வர மாட்டனா?"

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அண்ணன் அவள் தலையைத் தட்டிவிட்டு, சட்டத்தைப் பழையபடி தேங்காய்க்குப் பக்கத்தில் நிறுத்தி, தட்டை இரண்டு கையாலும் தூக்கினார். தேவேனின் அம்மாவிடம் கொடுக்கும்போது என் பக்கம் திரும்பி, "டீச்சர், நீ பெயிலு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன் என்றும் சொல்லலாம்.

கல்யாணம் ஆவணியில் சிதம்பரத்தில் நடந்தது. மணப்பந்தலில் சுப்புராயனுக்கும் ஒரு நாற்காலி போட்டு, சட்டத்தை அதில் வைத்து மாலை போட்டது அண்ணன்தான். அடுத்த வாரமே கடலூர் வந்து, என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். விசாரணைக்கு வீட்டுக்கு வந்த போலீஸ்காரர், "இந்த வயசுல எதுக்குங்க வெளிநாடு? வேலைக்கா, சுத்திப் பாக்கவா?" என்று கேட்டிருக்கிறார்.

"ரெண்டும் இல்ல சார்" என்றாராம் அண்ணன். "பொங்கலுக்குச் சீர் வைக்கப் போறேன்."